கடாரங் கொண்டானின் மேடை உடை

கெடா மாநிலத்துக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பு ரப்பர்த் தோட்டங்களோடு தொடங்கியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களுள் காழகத்து ஆக்கத்தையும் பட்டினப்பாலை எண்ணுகிறது. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை கண்டார். 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை வென்றதையும், அதன் வேந்தன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் என்பதையும் அவனது மெய்க்கீர்த்தி கூறுகிறது.

ஆகவே, பாடாங் மேஹா போன்ற தோட்டப்புறத்திலோ பாடாங் சிராய், கூலிம் போன்ற ஊர்களிலோ கடாரங் கொண்டான் வரலாறு நாடகமாக நடிக்கப்பெறும்போது, அது பிறவிடத்து நாடகம் போன்றதன்று. பார்க்கும் மாணவன் தன் காலடி மண்ணின் கதையைக் காண்கிறான். கேட்ட வசனத்தை மறப்பான். கண்ட கோலத்தை மறவான். ஆதலின் மேடை உடை ஒப்பனைக்காரர் கவலை மட்டுமன்று. வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் கவலையுமாம்.

இத்தகைய நாடகங்களில் மன்னன் பெரும்பாலும் எக்கோலத்தில் தோன்றுகிறான்? முழங்காலளவும் தொங்கும் வெல்வெட் அங்கி, அதன் விளிம்பில் சரிகை, மார்பெங்கும் ஜிகினா, தலையில் காக்காப்பொன் ஒட்டிய அட்டைக் கிரீடம். இக்கோலம் சோழர் காலத்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பார்சி நாடகக் குழுவினர் வழியாகத் தமிழ் மேடைக்கு வந்து, வாடகை உடைக்கடைகளில் நிலைபெற்றது. பின்னர்த் திரைப்படமும் அதற்கு வலுவூட்டியது. அரு. இராமநாதனின் 'இராசராச சோழன்' டி.கே.எஸ். சகோதரர்களால் 1955-இல் மேடையேறி, 1973-இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாகவும் வந்தது. இவை ஊட்டிய வரலாற்று உணர்ச்சி பெரிது. எனினும் உணர்ச்சிக்கு உரியதை உடைக்குச் சான்றாகக் கொள்ளுதல் கூடாது.

இதற்கு மறுதலையாக, பண்டைத் தமிழர் தைத்த ஆடையே அறியார் என்பாரும் உளர். அதுவும் பிழையே. சிலப்பதிகாரம் துன்னகாரரைக் கூறுகிறது. முல்லைப்பாட்டு யவனரின் மெய்ப்பையைக் கூறுகிறது. தையல் உண்டா இல்லையா என்பதன்று கேள்வி. யார், எப்போது, எதை உடுத்தினர் என்பதே கேள்வி.

இதற்குரிய சான்றுகள் மூவகை. முதலாவது ஓவியம். தஞ்சைப் பெரிய கோயிலில் பிற்காலப் பூச்சின் அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி வெளிக்கொணர்ந்தார். அவற்றில் ஆடவர் இடையில் உடுத்த ஆடையும், அள்ளி முடிந்த கொண்டையும், ஆடல் மகளிரின் மெல்லிய துகிலும் தெளிவாக உள்ளன. இரண்டாவது படிமம். திருவெண்காட்டிலிருந்து கிடைத்து, தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ள ரிஷபவாகனர் செப்புத்திருமேனி 1011-ஆம் ஆண்டினது. ஆடையின் மடிப்பும் அரைக்கச்சின் முடிச்சும் அதில் காணலாம். ஆயினும் அது தெய்வத் திருமேனி. மனிதர் உடைக்குத் துணைச் சான்றேயன்றி நேர்ச் சான்றாகாது. மூன்றாவது உரை. அடியார்க்கு நல்லார் கோசிகம், பீதகம், பச்சிலை, தேவாங்கு, தேவகிரி எனத் துகில்களை நீளமாக அடுக்குகிறார். எனினும் பெயர் உரையில் இருக்கிறது. உருவம் சுவரில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் துணி நம் கையில் இல்லை. காழகம் என்ற சொல் ஆடையையும் குறிக்கும், கடாரத்தையும் குறிக்கும் என்பது கொண்டே, கடாரத்திலிருந்து வந்த துணி அது எனத் துணிதல் தகாது; அதற்குத் தனிச்சான்று வேண்டும்.

இனி, பொருளும் கருவியும் எங்கே கிடைக்கும்? வெல்வெட்டைத் தேடுவதைவிட எளிதாகவே கிடைக்கும். சோழர் கோலத்துக்கு முதற்பொருள் தைக்காத பருத்தித் துணியே. வெளுக்காத கோராத் துணியையும் கரை வேட்டியையும் சுங்கைப் பட்டாணி, பினாங்குத் துணிக்கடைகளில் வாங்கலாம். மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள் உண்டு. அது வெளிறுமெனினும் ஓர் இரவு நாடகத்துக்குப் போதும். சிவப்புக்கு நுணா வேர்ப்பட்டை உண்டு. தமிழர் நுணா என்பதையே மலாய்க்காரர் மெங்குடு என்பர். துணியைக் கடுக்காய் நீரில் தோய்த்து உலர்த்தி, படிகாரம் ஏற்றி, பின் அவ்வேர்ச் சாற்றில் காய்ச்சினால் சிவப்பு ஏறும். பூவேலைக்கு மரத்தில் செதுக்கிய அச்சுக்கட்டை போதும். அணிகலனுக்கு அட்டையினும் கல்யாண முருங்கைக் கட்டை மேலானது; எடை குறைந்த அம்மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்தே வடதமிழ்நாட்டுக் கூத்தர் முடியும் புயக்கட்டையும் செய்கின்றனர். மிக இன்றியமையாத கருவி ஊசியன்று, பழகிய கை. கொசுவம் வைத்துக் கச்சிறுக்கிக் கட்டத் தெரிந்த மூத்தவர் ஒருவர் வேண்டும். அத்தகையோர் தோட்டப்புறக் குடும்பங்களில் இன்னும் உளர்.

இதற்கும் எல்லை உண்டு. சிற்பத்தில் உள்ளவாறே மகளிரைப் பள்ளி மேடையில் நிறுத்தல் இயலாது. கச்சும் மேலாடையும் சேர்க்கவே வேண்டும். கடார வேந்தனைச் சோழனைப் போலவே உடுத்தலும் பொருந்தாது. கிளந்தான், திரெங்கானு சொங்கேட் துணியை அவனுக்கு அணிவிப்பின் அழகாக இருக்கும். ஆனால் அது பதினோராம் நூற்றாண்டுச் சான்றாகாது. இவையெல்லாம் மேடைக்காகச் செய்த இசைவு.

இசைவு செய்தல் குற்றமன்று. அதை உண்மை போல் காட்டுதலே குற்றம். நாடக நிகழ்ச்சித்தாளில், 'இடையாடை ஓவியம் கண்டு அமைத்தது. மகளிர் மேலாடை மேடைக்காகச் சேர்த்தது. கடார வேந்தன் கோலம் கற்பனை' என மூன்று வரி அச்சிட்டால், அந்த நாடகம் நல்ல பாடமும் ஆகும். கடாரத்து மண்ணில் கடாரங் கொண்டானை நடிப்பிக்கும் ஆசிரியர் இவ்வளவேனும் செய்தல் கடன்.