சின்ன போர், பெரிய உதை

20 போர் ஷாட்கன் (போர் என்பது குழலின் அகல அளவு; எண் கூடினால் குழல் சிறுக்கும்) விற்பவர்கள் இரண்டு பெருமைகளைச் சேர்த்தே சொல்வார்கள். தூக்கிச் சுமக்க லேசு. 3 அங்குல மேக்னம் தோட்டாவைப் போட்டால் 12 போருக்கு ஈடு. தனித்தனியே பார்த்தால் முதலாவது முழு உண்மை, இரண்டாவது பாதி உண்மை. இரண்டும் ஒரே துப்பாக்கியில் கூடும்போது கணக்குத் தீர்ப்பது நம் தோள்தான்.

அமெரிக்காவில், களிமண் தட்டு சுடும் மைதானம் ஒன்றில் இரண்டு 20 போர்களை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தேன். ஒன்று, மேலும் கீழுமாகக் குழல் அமைந்த இரட்டைக்குழல், எடை 2.7 கிலோ. மற்றது பெரெட்டா ஏ400. வெடிவாயுவின் அழுத்தத்தால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை.

இரட்டைக்குழலில் 25 கிராம் ஈயக்குண்டுத் தோட்டா சுகமானது. நாள் முழுக்கச் சுடலாம். 28 கிராமில் தோளுக்கு விஷயம் தெரிகிறது, ஆனால் முனகவில்லை. 35 கிராம் மேக்னம் வேறு ஜாதி. தோளுக்கு முன் கன்னத்தில் அறை விழுகிறது; இரண்டாம் குழலைச் சுடுவதற்குள் தட்டு எங்கே போனதென்று தேட வேண்டியிருக்கிறது.

காரணம் எளிய கணக்கு. குண்டுகளின் வேகம் ஏறத்தாழ ஒன்றே என்று வைத்துக்கொண்டால், 25-லிருந்து 35 கிராம் என்பது 1.4 மடங்கு. ஆனால் பின்னுதைப்பின் ஆற்றல் இருமடி விகிதத்தில் ஏறும். அதே துப்பாக்கியில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். பர்மிங்காம் துப்பாக்கித் தயாரிப்பாளர் கிரீனர் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு விதி சொன்னார்: குண்டுகளின் எடையைப்போல் 96 மடங்கு துப்பாக்கி இருக்க வேண்டும். அதன்படி 2.7 கிலோவுக்கு 28 கிராம்தான் எல்லை. 35 கிராம் சுட 3.36 கிலோ வேண்டும். அது நல்ல 12 போரின் எடை. அப்புறம் 20 போர் எதற்கு?

ஏ400 இங்கே மானத்தைக் காப்பாற்றுகிறது. வெடிவாயுவில் ஒரு பங்கு உள்பாகங்களை இயக்கப் போவதால், உதை ஒரே அடியாக வராமல் சற்று நீண்ட தள்ளலாக வருகிறது. மொத்த உந்தம் மாயமாகிவிடவில்லை. தோளுக்கு வந்து சேரும் விதம்தான் மாறுகிறது. 35 கிராமையும் இதில் பொறுத்துக்கொள்ள முடிந்தது. ரசிக்க முடிந்தது என்று சொல்ல மாட்டேன்.

பொறுத்துக்கொள்வது வீரமும் அல்ல. கடுமையான உதை பழகினால், விசையை இழுக்கும் முன்பே கண் மூடும், குழல்முனை தாழும். வைராக்கியத்தால் இது போகாது. லேசான தோட்டாவுக்குத் திரும்பினால்தான் போகும். தடித்த ரப்பர் பேட், கைநீளத்துக்குப் பொருந்தும் கட்டை, நல்ல காது மூடி மூன்றும் உதவும். சத்தம் குறைந்தாலே உதையும் குறைந்ததாகத் தோன்றும்.

சரி, இவ்வளவு வாங்கிக்கொண்டால் பலன் உண்டா? குறுகிய குழலில் அதிகக் குண்டுகளை அடைத்தால் அடுக்கு நீளும். வெடிக்கும்போது அடியில் இருப்பவை நசுங்கி, வழி தவறிப் பறக்கும். காகிதத்தில் சுட்டுப் பார்த்தபோது மேக்னம் அதிகத் துளைகள் போட்டது உண்மை. கூடுதலில் பெரும்பகுதி ஓரத்தில்தான் சிதறியது. களிமண் தட்டு சுடும் ஒலிம்பிக் ட்ராப் போட்டியில் 12 போருக்கே உச்சவரம்பு 24 கிராம். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸில் சுட்டது அந்த வரம்புக்குள்தான். தட்டை உடைக்க அது போதும்.

வான்கோழி வேட்டைக்காரர்களுக்கு இப்போது டங்ஸ்டன் குண்டு இருக்கிறது. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம் என்றால் இதற்குச் சுமார் 18. சிறிய குண்டே ஆழமாகப் பாயும். 20 போரைவிடச் சிறிய 410 போரைக்கூட அது வான்கோழி வேட்டைத் துப்பாக்கியாக்கிவிட்டது. விலைதான் கையைச் சுடும்.

மேக்னம் வாங்கும் முன் குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள். 2¾ அங்குல சேம்பரில் (தோட்டா அமரும் அறையில்) 3 அங்குலத் தோட்டா நுழைந்துவிடும், ஏனெனில் அந்த நீளம் வாய் விரிந்த பின் அளப்பது. சுடும்போது விரிய இடமின்றி அழுத்தம் அபாயகரமாக ஏறும்.

என் தீர்ப்பு: லேசான 20 போருக்கு 25 கிராம், அவசியமானால் 28. அதற்கு மேல் வேண்டுமென்றால் 12 போர் வாங்குங்கள்.