டியானாவின் கல்லாப்பெட்டி

ஒரு சவாரியில் ஏறி இறங்கியவர்களில் பலர் 'அவ்வளவாக இல்லை' என்கிறார்கள். இறங்கி வெளியே வரும் வழியில் இருக்கிற கடையிலோ பொம்மையும் பையும் கவுனும் விற்றுக்கொண்டிருக்கின்றன. அப்படியானால் அந்தச் சவாரி வெற்றி பெற்றதா, தோற்றதா?

'டியானாஸ் பேயூ அட்வென்ச்சர்' என்ற சவாரியைப் பற்றித்தான் கேட்கிறேன். 2024 ஜூன் 28 அன்று ப்ளோரிடாவின் டிஸ்னி பூங்காவிலும், அதே ஆண்டு நவம்பர் 15 அன்று கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டிலும் திறக்கப்பட்டது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் பெரிய ராட்டினம்கூடத் திருவிழாவுக்குத்தான் வருகிறது, நமக்கு எதற்கு இந்தக் கவலை என்று கேட்கலாம். அந்தச் சவாரியின் நாயகி ஒரு கறுப்பினப் பெண், உழைத்துச் சம்பாதிப்பவள். அவளைப் பிடிக்காதவர்கள் சவாரியைத் தோல்வி என்று சொல்லும்போது, அவள் பக்கம் நிற்க நினைப்பவர்களின் கையில் முதலில் அகப்படும் ஆயுதம் கடைக் கணக்கு. 'பொம்மை விற்கிறதே, பாருங்கள்.' நம் மாணவிகளும் இதே ஆயுதத்தை வேறு வேறு விவாதங்களில் எடுப்பதை வகுப்பறையில் பார்க்கிறேன். அது நம்முடைய ஆயுதம் இல்லை என்பது என் கட்சி.

முதலில் பழைய கதை. அந்த இடத்தில் முன்பு இருந்தது 'ஸ்பிளாஷ் மவுன்டன்'. கலிபோர்னியாவில் 1989இலும் ப்ளோரிடாவில் 1992இலும் திறந்தது. மரக்கட்டை வடிவப் படகில் மிதந்து போய், சுமார் ஐம்பது அடி உயரத்திலிருந்து தண்ணீரில் விழ வேண்டும். 1946இல் டிஸ்னி எடுத்த 'சாங் ஆஃப் தி சவுத்' படத்தின் கதைகளை வைத்துச் செய்த சவாரி அது. தோட்டத்து முதலாளியின் வீட்டையும் அங்கே வாழும் கறுப்பினத்தவரையும் இனிய உறவாகக் காட்டிய படம். டிஸ்னியே வெட்கப்பட்டு அமெரிக்காவில் அதை வீடியோவாக வெளியிட்டதே இல்லை. 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார். ஜூன் 25 அன்று, ஸ்பிளாஷ் மவுன்டனை டியானாவின் கதைக்கு மாற்றப்போவதாக டிஸ்னி அறிவித்தது. அதே ஜூன் 25 அன்றுதான் இந்துஸ்தான் யூனிலீவர் 'ஃபேர் அண்ட் லவ்லி'யிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுக்கப்போவதாக அறிவித்தது. தோலின் நிறத்தை வைத்து இத்தனை காலம் வியாபாரம் நடந்தது எல்லா கம்பெனிக்கும் ஒரே வாரத்தில் உறைத்திருக்கிறது! நம் வீட்டு அலமாரியில் பெயர் மாறி, டியூப் நின்றது. அங்கேயும் கால்வாய் அதேதான், கட்டைப் படகு அதேதான், விழும் உயரமும் அதேதான்.

டியானா 2009இல் வந்த 'தி பிரின்சஸ் அண்ட் தி ஃபிராக்' படத்தின் நாயகி. டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி. 1920களின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் உணவகத்தில் பரிமாறும் வேலை செய்து, சில்லறை சேர்த்து, சொந்தமாக ஓர் உணவகம் வைக்க ஆசைப்படுகிறவள். முதலில் அவளுக்கு மேடி என்று பெயரும் வீட்டு வேலைக்காரி உத்தியோகமும் தருவதாக இருந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் இரண்டும் மாறின. அந்த நகரத்தில் உண்மையாகவே உணவகம் நடத்திப் புகழ்பெற்ற லியா சேஸ் என்ற கறுப்பினப் பெண்மணி அவளுக்கு முன்மாதிரி. எல்லாம் சரி. ஆனால் திரையில் கறுப்பினப் பெண்ணாக அவள் இருப்பது கொஞ்ச நேரம்தான். படத்தின் பெரும்பகுதியில் அவள் தவளை. முதன்முதலாக ஓர் இளவரசியைக் கறுப்பாக வரைந்துவிட்டு உடனே பச்சையாக்கிய இந்த அவசரத்தைப் பற்றி அப்போதே நிறைய எழுதிவிட்டார்கள்.

சவாரிக்கு வருவோம். நான் அமெரிக்கா போனதில்லை. முழுச் சவாரியையும் யூடியூபில் பலமுறை பார்த்தேன். விழும்போது வயிற்றில் எழும் கூச்சத்தைப் பற்றி என்னால் பேச முடியாது, கதையைப் பற்றிப் பேச முடியும். டியானா இப்போது தொழிலதிபர். 'டியானாஸ் ஃபுட்ஸ்' என்ற நிறுவனம் நடத்துகிறாள். தொழிலாளர்களே பங்குதாரர்களாக இருக்கும் கூட்டுறவு அமைப்பாம். பேன்ட் போட்டுக்கொண்டு காட்டுக்குள் வருகிறாள். எதற்கு? ஊருக்கே அவள் வைக்கும் மார்டி கிரா விருந்துக்குப் பாட்டுக்காரர்கள் குறைகிறார்கள், தேட வேண்டும். மாமா ஓடி என்ற மந்திரக்கிழவி நம்மைத் தவளை அளவுக்குச் சுருக்குகிறாள். சதுப்புநிலத்துப் பிராணிகள் வாத்தியம் வாசிக்கின்றன. நாம் விழுகிறோம். விழுந்து எழுந்தால் விருந்து நடக்கிறது, பாட்டு ஒலிக்கிறது. முடிந்தது.

வில்லன் இல்லை. படத்தில் இருந்த ஃபசிலியர் என்ற மந்திரவாதி இதில் வரவே இல்லை. தடை இல்லை, ஆபத்து இல்லை, யாரும் எதையும் இழப்பதில்லை. பொம்மை உருவங்கள் அசையும் அழகையும் பாட்டையும் பாராட்டியவர்கள்கூட இந்த வெறுமையைத்தான் குறை சொன்னார்கள். திறந்த புதிதில் அடிக்கடி நின்றுபோனது தனிக் குறை.

பழைய சவாரியில் முயலை நரியும் கரடியும் துரத்தின, பிடித்தன. முட்புதரில் மட்டும் போட்டுவிடாதே என்று முயல் கெஞ்ச, அதிலேயே தூக்கிப் போட்டன. முயல் பிறந்து வளர்ந்ததே முட்புதர், தப்பித்துவிட்டது. அந்த ஐம்பது அடி வீழ்ச்சிக்கு அர்த்தம் இருந்தது. இந்த முயல் கதைகள் டிஸ்னியின் சொத்தும் அல்ல, 1880இல் அவற்றைத் தொகுத்து அச்சிட்ட ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்ற வெள்ளை இனப் பத்திரிகையாளரின் சொத்தும் அல்ல. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் இரவில் தங்களுக்குள் சொல்லிக்கொண்டவை. பலமில்லாதவன் பலசாலியைப் புத்தியால் வெல்லும் கதைகள். நம் பாட்டிமார் சொன்ன எத்தனையோ கதைகளுக்கு ஒன்றுவிட்ட உறவு. இப்போது நடந்திருப்பதைப் பாருங்கள். வெள்ளைக்காரப் படத்தை அகற்றுகிறோம் என்று, அதன் அடியில் கிடந்த கறுப்பினத்தவரின் தந்திரக் கதையையும் சேர்த்து அகற்றிவிட்டார்கள். அதன் இடத்தில், எதையும் எதிர்க்கத் தேவையில்லாத ஒரு கறுப்பினப் பெண்ணை நிறுத்திவிட்டார்கள். 1920களின் அமெரிக்கத் தென்மாநிலத்தில் கறுப்பினப் பெண் ஒருத்தி தொழில் நடத்துகிறாள், அவளுக்கு ஒரே கவலை விருந்துக்கு மேளக்காரர் கிடைக்காதது! தொழிலதிபர் ஆன பிறகும் ஊருக்கு இலை போடும் பொறுப்பு அவள் தலையிலேயே இருக்கிறது. பொங்கலன்று விடியற்காலையில் எழுந்து, எல்லாரும் சாப்பிட்ட பின் சாப்பிடும் பெண்களுக்கு இந்தக் கதாபாத்திரத்தை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை.

என் விமர்சனம் இதுதான். இதற்குப் பதிலாகக் கடைக் கணக்கைக் காட்டினால் நான் எதை ஏற்றுக்கொள்வது?

டிஸ்னியின் ஆண்டறிக்கையில் பூங்கா நுழைவுச்சீட்டு வருமானம் ஒரு வரி. பூங்காவில் விற்ற பொருள், உணவு, பானம் எல்லாம் சேர்ந்து இன்னொரு வரி. எந்தச் சவாரியால் எந்தப் பொம்மை விற்றது என்ற பிரிவினை வெளியில் வருவதில்லை. ஆகவே 'கடை ஓடுகிறது, சவாரி ஜெயித்துவிட்டது' என்று வெளியில் இருப்பவர் சொல்வது கணக்கு அல்ல, நம்பிக்கை. கணக்கே கிடைத்தாலும் அது எதைக் காட்டும்? எப்காட் பூங்காவில் ஃபிக்மென்ட் என்ற ஊதா நிறக் குட்டி டிராகனின் சவாரி இருக்கிறது. 1983இல் வந்த முதல் வடிவத்தை எல்லாரும் கொண்டாடினார்கள். 1999இல் மாற்றினார்கள், திட்டு விழுந்தது. 2002இல் மறுபடி மாற்றினார்கள், இன்றுவரை ரசிகர்கள் குறை சொல்கிறார்கள். 2022 ஜனவரியில் அந்த டிராகன் வடிவத்தில் பாப்கார்ன் வாளி ஒன்று விற்பனைக்கு வந்தபோது மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். சவாரி திடீரென்று நன்றாகிவிட்டதா? பழைய ஃபிக்மென்டின் மேல் இருந்த பாசத்துக்கு வாளி வடிவில் விலை வைத்தார்கள், அவ்வளவுதான்.

'ஃபுரோசன்' விஷயத்தில் அம்பு எதிர்த்திசையில் பறந்தது. 2013 நவம்பரில் படம் வந்தது. 2014இல் எல்சாவின் நீல கவுன் கிடைக்காமல் அமெரிக்கத் தாய்மார்கள் அலைந்தார்கள். அதன் சவாரி 2016 ஜூனில்தான் திறந்தது. சவாரி கவுனை விற்கவில்லை, கவுன்தான் சவாரியைப் பெற்றுப்போட்டது.

இந்தக் குழப்பம் நம் ஊர்த் திருவிழாவில் வருவதில்லை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் திருவிழாவோ கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் தேரோ, பெண்கள் கூட்டம் அதிகம் மொய்ப்பது வளையல் கடையைத்தான். வளையல் விற்றதால் ராட்டினம் பிரமாதம் என்று யாரும் சொல்வதில்லை. ராட்டினக்காரர் வேறு, வளையல்காரர் வேறு, இரண்டு கல்லா. டிஸ்னியில் ராட்டினம், வளையல், சோளப்பொரி, தங்கும் அறை எல்லாம் ஒரே கல்லா. அதனால்தான் ஒன்றின் வெற்றியை இன்னொன்றின் பேரில் எழுத முடிகிறது. ப்ளோரிடாவில் இந்தச் சவாரியை ஒட்டிய கடைக்குக் 'கிரிட்டர் கோ-ஆப்' என்று பெயர். கூட்டுறவு என்று பலகை மாட்டிய கடையின் கல்லாவும் டிஸ்னியினுடையதே. மாதாமாதம் சந்தா கட்டும் நம் சுயஉதவிக் குழுப் பெண்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

இந்தக் கல்லாவை நாம் சாட்சிக்கு அழைக்கவே கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் 2010இல் இருக்கிறது. டியானாவின் படம் உலக அளவில் சுமார் 27 கோடி டாலர் வசூலித்தது. டிஸ்னிக்கு அது போதவில்லை. 'இளவரசி' என்ற சொல் தலைப்பில் இருந்ததால் பையன்கள் வரவில்லை என்று முடிவு கட்டி, அடுத்து வரவிருந்த 'ராபன்ஸல்' படத்தின் பெயரை 'டேங்கில்டு' என்று மாற்றினார்கள். திருடனாக வரும் கதாநாயகனை விளம்பரத்தில் முன்னால் நிறுத்தினார்கள். ஒரு கறுப்பின நாயகியின் படம் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை என்றால், பெண்ணின் பெயரே தலைப்பிலிருந்து போய்விடுகிறது. அதே நேரத்தில் டியானா பொம்மை, படம் திரைக்கு வருமுன்பே கடைகளில் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. அந்தப் பொம்மைக் கணக்கு ராபன்ஸலின் பெயரைக் காப்பாற்றவில்லை. 2018இல் 'ரால்ஃப் பிரேக்ஸ் தி இன்டர்நெட்' படத்தின் முன்னோட்டத்தில் டியானாவின் தோல் வெளுத்து, மூக்கு கூர்மையாகி வந்தது. அவளுக்குக் குரல் கொடுத்த அனிகா நோனி ரோஸும் கறுப்பினப் பெண்கள் பலரும் கேள்வி எழுப்பிய பிறகே திருத்தி வரைந்தார்கள். திருத்த வைத்தது விமர்சனம்.

கவிதை எழுதுகிற பெண்களுக்கு இந்தக் கல்லாவின் குரல் பழக்கம். எங்கள் தொகுப்பு விற்கவில்லை என்றால் 'பெண் எழுத்துக்கு வாசகர் இல்லை'. விற்றுவிட்டால் 'உடலை எழுதினால் விற்கத்தானே செய்யும்'. பெரம்பலூரில் 2012இல் புத்தகத் திருவிழா தொடங்கியது. அங்கே டெல்லி அப்பளக் கடையில் கூட்டம் நெரிவதை வைத்து இலக்கியம் வளர்ந்துவிட்டது என்று யாராவது பேசினால் கைதட்டுவோமா?

அதற்காகப் பொம்மையை இளக்காரமாகப் பேச மாட்டேன். மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர், ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் செய்த முதுகலை ஆய்வில் சின்னக் குழந்தைகளுக்குத் தங்கள் இனம் பற்றிய உணர்வு எப்படி வருகிறது என்று ஆராய்ந்தார். பிறகு கணவர் கென்னத்துடன் வெள்ளை பொம்மை, கறுப்பு பொம்மை இரண்டையும் குழந்தைகள் முன் வைத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார். கறுப்பினக் குழந்தைகளிலேயே பலர் வெள்ளை பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பாகுபாடு சட்டவிரோதம் என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அடிக்குறிப்பில் இந்த ஆய்வு இடம்பெற்றது. தன் நிறத்தில் ஒரு பொம்மை கையில் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கறுப்பு மகளைப் பெற்று, மஞ்சளும் கடலைமாவும் தேய்த்துக் குளிப்பாட்டிய எந்தத் தமிழ்த் தாயும் அறிவாள். டியானா பொம்மையை ஒரு சிறுமி கட்டிக்கொண்டு தூங்கினால் அது பொம்மையின் வெற்றி, அவள் அம்மாவின் வெற்றி. அதைக் கொண்டுபோய் உயிரில்லாத ஒரு திரைக்கதையின் கணக்கில் ஏன் வரவு வைக்க வேண்டும்?

கணக்கில் வராத பெண் இன்னொருத்தியும் உண்டு, பொருளைச் செய்கிறவள். பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் 2023 நவம்பரில் திறந்த ஆலையில் க்ராக்ஸ் காலணிகள் தயாராகின்றன. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். டிஸ்னி உருவங்கள் வைத்த காலணிகளையும் உலகம் முழுக்க விற்கும் பிராண்டு அது. எந்தச் சோடி எந்த ஊர்க் கையிலிருந்து வந்தது என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. 'விற்பனை அமோகம்' என்று யாராவது சொல்லும்போது, ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் இந்தப் பெண்ணின் கூலி அந்த அமோகத்தில் எத்தனை பைசா என்ற கேள்வி எனக்கு முதலில் வருகிறது.

போன மாதம் பெரம்பலூரில் பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு ஃபேன்சி கடையில் பார்த்தேன். எல்சா கவுன் மூன்று அளவுகளில் தொங்குகிறது. எல்சா பை, எல்சா தண்ணீர் பாட்டில், எல்சா ஹேர்பேண்ட். பிறந்தநாளுக்கு இந்த நீல கவுனைப் போட்ட கறுப்புக் குட்டிகளின் முகத்தில் புகைப்படக்காரர் பவுடரை அப்பியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டியானா படம் போட்டது ஏதாவது வருமா என்று கடைக்கார அண்ணனிடம் கேட்டேன். செல்போனில் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நம்ம பக்கம் போகாது மேடம்."

"வச்சுப் பாத்தீங்களாண்ணே?"

"இல்ல, வச்சதில்ல" என்றார்.