கனவும் வீடும்: இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்?’ குறித்து ஒரு நோக்கு

சொற்களற்ற இசையைப் பற்றி எமது முற்போக்கு விமர்சனம் குறைவாகவே பேசியுள்ளது. பாடலாயின் அதன் கருத்தை ஆராயலாம். யாருக்காக, எதற்காகப் பாடப்பட்டது என வினவலாம். சொல் நீங்கிய இசையோ இத்தகைய வினாக்களுக்கு எளிதில் அகப்படுவதில்லை. அதனாலேயே அதனைக் ‘கனவுலகச் சஞ்சாரம்’ என ஒதுக்கிவிடும் போக்கு எம்மிடையே நிலவுகின்றது. பிரான்சிய ‘மக்மா’ இசைக்குழுவின் தொடக்ககால உறுப்பினர் லோரான் திபோ 1979இல் தனித்து வெளியிட்ட இசைத்தொகுப்பின் தலைப்பு, ‘ஆனால், எந்நேரமும் கனவு கண்டுகொண்டிருக்க இயலாது’ எனப் பொருள்படும். கனவுத்தன்மை மிக்க ஓர் ஆக்கத்துக்கு அதனைப் படைத்தவரே இட்ட இத்தலைப்பில் எமது வினாவும் அடங்கியுள்ளது. கனவு எங்கே முடிகின்றது? முடிந்தபின் எஞ்சுவது யாது?

இவ்வினாவைத் தமிழ்ச் சூழலில் எழுப்புவதற்குப் பொருத்தமான ஆக்கம், இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்?’ என்னும் வாத்திய இசைத்தொகுப்பாகும். 1976இல் ‘அன்னக்கிளி’ மூலம் திரையுலகில் அறிமுகமாகிப் பத்தாண்டுகளில் தமிழர் செவியெங்கும் நிறைந்துவிட்ட ஒருவர், காட்சியின் தேவையும் பாடலாசிரியரின் சொல்லும் இன்றித் தன் இசையைத் தனித்து நிறுத்திய முயற்சி இது. வயலினின் முதன்மைப் பொறுப்பினை வி. எஸ். நரசிம்மன் ஏற்றார். தொகுப்பு தியாகராஜருக்கும் (1767–1847) யொஹான் செபஸ்தியான் பாஹ்வுக்கும் (1685–1750) காணிக்கையாக்கப்பட்டது.

இவ்விரு மரபுகளையும் இணைப்பதிலுள்ள இடர்ப்பாட்டை உணராதவிடத்து இத்தொகுப்பின் சாதனையும் புலப்படாது. எமது இராக இசை, மாறாத சுருதியின் மீது ஒற்றை இசைக்கோடாக விரிவது; சுரங்கள் கமகத்தினால் அசைந்தே தம் உருவைப் பெறுகின்றன. பாஹ்வின் இசையிலோ பல கோடுகள் ஒரே வேளையில், தத்தம் சுதந்திரத்தை இழவாது இயங்குகின்றன. அவை ஒன்றோடொன்று இசைந்து ஒலிக்க வேண்டுமாயின் சுரங்கள் நிலைத்து நிற்றல் வேண்டும். ஆகவே, அசைவை உயிராகக் கொண்ட இசையையும் நிலைபேற்றை அடித்தளமாகக் கொண்ட இசையையும் ஒரே கூரையின்கீழ்க் குடியிருத்துவதே இங்கு எழும் பிரச்சினையாகும். ‘ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்’ என்னும் பகுதியில், பாஹ்வின் தனி வயலினுக்கான ஆக்கமொன்றின் முகப்பிசையையே அடிப்படையாகக் கொண்டு இளையராஜா உரையாடுகின்றார். வேற்றுநாட்டு விருந்தாளியைத் தம் வீட்டில் வரவேற்கும் இயல்பான தோழமை அதிலுண்டு. பணிவின் தாழ்வோ போட்டியின் இறுக்கமோ இல்லை.

எனினும் ஒரு குறையையும் சுட்டுதல் வேண்டும். பண்ணைப்புரத்தில் பிறந்த இக்கலைஞர், தமையனார் பாவலர் வரதராஜனின் குழுவுடன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் வளர்ந்தவர். 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலின்போது தேயிலைத் தோட்டத் தமிழர் நடுவே ஒலித்தது அக்குழுவின் பாட்டு. ஆயினும் இத்தொகுப்பின் காணிக்கையில் தேவாலயத்தோடு இணைந்த ஒரு மரபும் பக்தியோடு இணைந்த ஒரு மரபுமே இடம்பெறுகின்றன. மேடைப்பாட்டுக்கும் வயற்காட்டுப் பாட்டுக்கும் அதில் இடமில்லை. ‘உயர்ந்தவை’ என ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட இரண்டையே கலைஞர் தம் முன்னோராக அறிவிக்கின்றார். தம்மை உருவாக்கிய மூன்றாவதைப் பெயரிடாது விடுகின்றார். பெயரிடுவது எவ்வாறு என வினவும் தொகுப்பில் இம்மௌனம் தற்செயலானதன்று என்றே நாம் கருதுகின்றோம்.

இத்தொகுப்பு சமூகத்தினுள் மீண்டும் நுழைந்தமை பிறிதொரு கலைஞரால் நிகழ்ந்தது. மட்டக்களப்பு மண்ணிலே பிறந்த பாலு மகேந்திரா, 1988இல் வெளிவந்த தம் ‘வீடு’ திரைப்படத்தின் பின்னணியில் இவ்விசையைப் பயன்படுத்தினார். சென்னையில் மாதச் சம்பளத்தில் வாழும் சுதா என்னும் பெண், தங்கையையும் முதிய பாட்டனாரையும் வைத்துக்கொண்டு சிறு வீடொன்றைக் கட்ட முயல்கின்றாள். கடன், ஒப்பந்தக்காரரின் மோசடி, அலுவலகங்களின் அலைக்கழிப்பு ஆகிய யாவற்றையும் கடந்து சுவர்கள் எழுகின்றன. ஈற்றில் அந்நிலமே அரச தேவைக்கு எடுக்கப்பட்டது எனத் தெரியவருகின்றது. அரைகுறைச் சுவர்களின்மீது இவ்விசை படரும்போது அதன் கனவுத்தன்மைக்கு ஒரு விலாசம் கிடைத்துவிடுகின்றது. கனவு காண்பவர் யார், அக்கனவின் விலை என்ன, அதனைக் குலைப்பது எது என்பன யாவும் திட்டமாகின்றன. இசை மாறவில்லை, அது நிற்கும் சமூக நிலைக்களமே மாறியது.

கண்டிப் பகுதி வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1867இல் லூல்கந்துரவில் தேயிலைப் பயிர்ச்செய்கை தொடங்கிய காலந்தொட்டு, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை மலைகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்தோர் வாழ்ந்தது லயக் காம்பராக்களிலேயே. உழைப்பு நின்றால் உறைவிடமும் கேள்விக்குறியாகும் அந்நிலையில், சொந்தமான ஒரு வீடு பற்றிய கனவை யதார்த்தத்திலிருந்து தப்பியோடல் என எவ்வாறு கூறமுடியும்? அது யதார்த்தத்தின்மீது தொடுக்கப்படும் வழக்கன்றோ!

ஆகவே, கனவுத்தன்மை என்பது தன்னளவில் பிற்போக்குமன்று, முற்போக்குமன்று. சொற்களற்ற இசையை மதிப்பிடுமிடத்து அதன் உருவ நுட்பத்தையும், அது எவர் வாழ்வோடு பொருந்துகின்றது என்பதையும் ஒருசேர நோக்குதல் வேண்டும். நுட்பத்தை மட்டும் நோக்குவோர் ‘வீடு’ நிகழ்த்திய மாற்றத்தைக் காணார்; கருத்தை மட்டும் தேடுவோர் அவ்வயலினைக் கேளார். மலையகத்தின் தப்பும் காமன்கூத்தும் தம் குரலிலேயே இத்தகைய உரையாடலுக்குள் நுழையும் ஆக்கமொன்று தோன்றுமாயின், இளையராஜா பெயரிடாது விட்ட மரபுக்கு அங்கு இடம் கிடைக்கும். அதற்கு வேண்டிய செவிப்பயிற்சியை எமது பல்கலைக்கழக இசை ஆய்வு இன்றே தொடங்குதல் தகும்.