பொருளியலாளர் தரவரிசையும் அறிவின் பெறுமதியும்

ஆய்வாளரையும் அவர்தம் நிறுவனங்களையும் எண்களால் வரிசைப்படுத்தும் வழக்கம் பொருளியற்றுறையில் ஆழ வேரூன்றியுள்ளது. இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, 1997இல் தொடங்கப்பெற்ற 'றிபெக்' என்னும் கூட்டு முயற்சியாகும். தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்த இத்திட்டம், ஆய்வுக் கட்டுரைகள் பற்றிய விபரங்களை எவரும் கட்டணமின்றிப் பெற வழிசெய்தது. அதன் ஜனநாயகப் பண்பு போற்றற்குரியதே. ஆயின், அவ்விபரங்களைக் கொண்டு மாதந்தோறும் வெளியிடப்படும் தரவரிசையை அவ்வாறு ஏற்றுக்கொள்ளவியலாது.

ஆக்கங்களின் தொகை, மேற்கோள்கள், வாசிக்கப்பட்ட தடவைகள் என முப்பதுக்கும் மேற்பட்ட அளவுகோல்கள் இவ்வரிசைக்கு அடிப்படையாகின்றன. தம்மைப் பதிவுசெய்யாத ஆய்வாளர் கணக்கில் வாரார். உறுப்பினர் ஈட்டியவற்றின் கூட்டுத்தொகையே நிறுவனத்தின் இடத்தைத் தீர்மானிப்பதால், பொருளியலாளர் பெருந்தொகையினராகப் பணிபுரியும் உலக வங்கி முன்வரிசையில் நிற்பதில் வியப்பில்லை. (இவ்வரிசை இன்னும் பரிசோதனை நிலையிலுள்ளதென வெளியிடுவோரே கூறுகின்றனர். அதனை எடுத்தாள்வோர் இக்குறிப்பை வசதியாக மறந்துவிடுகின்றனர்.)

மேற்கோளுக்குப் பெறுமதி நிர்ணயிக்கப்படும் முறையே இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. செல்வாக்குள்ள சஞ்சிகையில் இடம்பெறும் மேற்கோள் கூடிய பெறுமதி பெறுகின்றது. அச்சஞ்சிகையின் செல்வாக்கோ அது பெறும் மேற்கோள்களால் அளக்கப்படுகின்றது. ஓர் ஆய்வின் பயன்பெறுமதி பின்தள்ளப்பட்டு, அதன் பரிவர்த்தனைப் பெறுமதியே எஞ்சுகின்றது. இவ்வட்டத்தின் நடுவே ஐந்து சஞ்சிகைகள் அமர்ந்துள்ளன. அவற்றுள் ஒன்று ஹார்வாட்டிலும் இன்னொன்று சிக்காகோவிலும் பதிப்பிக்கப்படுபவை. அமெரிக்காவின் முன்னணிப் பொருளியற்றுறைகள் முப்பத்தைந்தில் நிரந்தர நியமனம் இவ்வைந்திலும் பிரசுரமாவதில் எத்துணை தங்கியுள்ளது என்பதை ஹெக்மனும் மொக்தானும் 2020இல் எடுத்துக்காட்டினர். அவர்கள் இதனைக் கொடுங்கோன்மை என்றே பெயரிட்டனர். ஹெக்மன் சிக்காகோப் பேராசிரியர், நோபல் பரிசு பெற்றவர் என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். வெளியே நிற்போரின் மனக்குறையென இக்கண்டனத்தை ஒதுக்கிவிடவியலாது.

இத்தகைய அளவீட்டில் பியரோ ஸ்ராஃபா போன்றோருக்கு இடம் யாது? கேம்பிறிட்ஜில் வாழ்ந்த அவர் எழுதியவை மிகச் சிலவே. ரிக்கார்டோவின் ஆக்கங்களைப் பதிப்பிப்பதிற் பல தசாப்தங்களைச் செலவிட்டார். 1960இல் வெளிவந்த அவரது நூல் ஏறத்தாழ நூறு பக்கங்களே கொண்டது. நியமனக் குழுவொன்று இன்று அவரை எடைபோட்டால் எவ்வாறு முடிவு செய்யும் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஆயின், மூலதனத்தை அளத்தல் பற்றிய பெருவிவாதத்திற்கு அச்சிறுநூல் புத்துயிரூட்டிற்று. நவசெந்நெறிப் பொருளியலின் தலையாய அறிஞரான சாமுவேல்சன், தம் தரப்பின் தவறை 1966இல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவ்வொப்புதல் வெளியானது ஹார்வாட்டின் அதே சஞ்சிகையிலாகும்.