முல்லையின் இருத்தலும் ஊரடங்குக் கால மாணவர் மனமும்

கொரோனாப் பெருந்தொற்றின்போது கல்லூரி மாணவர்க்கு ஏற்பட்ட மனப்பதற்றத்திற்குத் தனிமையே காரணம் எனக் கூறுவது பொதுவழக்கு. இக்கருத்து மறுஆய்வுக்குரியது.

தனிமை அகமரபிற்குப் புதிதன்று. முல்லைத் தலைவியும் தனித்தே இருக்கிறாள், எனினும் ஆற்றியிருக்கிறாள். தலைவன் குறித்துச் சென்ற கார்ப்பருவம் அவளது காத்திருப்பிற்கு எல்லையாக அமைவதே அதற்குக் காரணம் எனலாம். அப்பருவம் பொய்க்குமிடத்து இருத்தல் இரங்கலாகத் திரிகிறது.

2020 மார்ச் 25 முதல் 21 நாட்களுக்கென அறிவிக்கப்பட்ட நாடு தழுவிய ஊரடங்கு, மே 3, மே 17, மே 31 என மும்முறை நீட்டிக்கப்பட்டது. இறுதியாண்டுத் தேர்வு உண்டா என்ற ஐயமோ, அவ்வாண்டு ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வெளிவரும் வரை நீடித்தது. ஆகவே, மாணவரைப் பெரிதும் வருத்தியது பிரிவன்று. எல்லை தள்ளிக்கொண்டே சென்ற காத்திருப்பே என்பது புலனாகிறது.

தலைவியிடம் ஆற்றியிருத்தலை எதிர்பார்க்கும் அகமரபு, குறித்த பருவத்தில் மீளும் கடப்பாட்டைத் தலைவன்மீதும் சுமத்துகிறது. ஆனால், மாணவரிடம் பொறுமையை வேண்டிய நாம் அவர்க்கு ஒரு நாளைக் குறித்துக் கொடுக்கவில்லை. மாணவரின் மனவுறுதியை அளக்க முனையும் ஆய்வுகள், கல்வி நிறுவனங்களின் சொல்லுறுதியையும் அளத்தல் வேண்டும்.