பிரஞ்சு மொழியில் செயப்பாட்டு வினை

பிரஞ்சு இலக்கணத்தில் செயப்பாட்டு வினையைக் கற்பிக்கும் பாட நூல்கள் பலவற்றில் எலியும் பூனையும் தலைகாட்டும். பூனை எலியைத் தின்கிறது. எலி பூனையால் தின்னப்படுகிறது. செயப்படுபொருள் எழுவாயாயிற்று, பழைய எழுவாய் 'ஆல்' உருபின் பொருள்தரும் 'பார்' என்னும் சொல்லைப் பெற்றது, வினை 'எத்ர்' என்னும் துணைவினையோடு இறந்தகால எச்சமாய் நின்றது. இவ்வளவில் பாடம் முடிந்ததெனக் கொள்கின்றனர். மாற்றும் முறையைச் சொன்னவர் மாற்றலாகாத இடத்தைச் சொல்லாது விடுவதே பெருங்குறை.

ஆங்கிலத்தின் வாயிலாகப் பிரஞ்சு பயிலும் தமிழ் மாணவன் இடறுவதும் இவ்விடத்திலேயே. 'அவன் ஒரு நூல் கொடுக்கப்பட்டான்' என்னும் அமைப்பு ஆங்கிலத்தில் செல்லும், பிரஞ்சில் செல்லாது. இரண்டாம் வேற்றுமைப் பொருளே அங்கு எழுவாயாகலாம். நான்காம் வேற்றுமைப் பொருள் ஆகாது. (கீழ்ப்படிதல், மன்னித்தல் என்னும் பொருளுடைய வினைகள் விலக்கு.) தமிழிலும் 'அவனுக்கு நூல் கொடுக்கப்பட்டது' என்பதுதானே வழக்கு? தன் மொழியை நினைத்திருந்தால் மாணவன் பிழைத்திருப்பான். இடையில் வந்த ஆங்கிலம் அவனைக் கெடுத்தது.

எச்சம் எழுவாயின் பாலையும் எண்ணையும் ஏற்கும். 'லீவ்ர்', அதாவது நூல், ஆண்பால்; எழுதப்பட்டது என்பதற்கு அங்கே 'எக்ரி' வரும். 'லெத்ர்', அதாவது கடிதம், பெண்பால். அங்கே 'எக்ரித்' வரும். கடிதத்துக்குப் பெண்பாலா என்று மாணவன் நகைத்தால் நகைக்கட்டும். எழுதும்போது மறவாதிருந்தால் சரி.

'எத்ர்' கண்டவிடமெல்லாம் செயப்பாட்டு வினை என்று கொள்வது மற்றொரு மயக்கம். 'இல் எ வெனு' என்றால் 'அவன் வந்தான்'. இது செய்வினை, இறந்தகாலம். 'இல் எத் எமே' என்றால் 'அவன் நேசிக்கப்படுகிறான்'. இது செயப்பாட்டு வினை, நிகழ்காலம். துணைவினை ஒன்றே, வேற்றுமை முதல்வினையில் உள்ளது. வருதல் செயப்படுபொருள் குன்றிய வினை. அதற்குச் செயப்பாட்டு வடிவம் ஏது? மேலும், 'லா போர்த் எ ஃபெர்மே' என்னும் தொடர் கதவு மூடியிருக்கும் நிலையையும் குறிக்கும். யாரோ மூடும் செயலையும் குறிக்கும். 'மூடியிருக்கிறது', 'மூடப்படுகிறது' எனத் தமிழ் பிரித்துக் காட்டுவதைப் பிரஞ்சு இடம் நோக்கி உணரவைக்கிறது. காவலாளியால், மாலை ஆறு மணிக்கு என்று சேர்த்தால் ஐயம் தீரும்.

'ஆல்' உருபுக்கு நேராக எப்போதும் 'பார்' வருவதில்லை. அன்பு முதலான உணர்ச்சியும், சூழ்தல், உடன்வருதல் போன்ற நிலையும் குறிக்குமிடத்துப் பெரும்பாலும் 'த' வரும்.

பிரஞ்சுக்காரர் பேச்சில் செயப்பாட்டு வினையை அத்துணை விரும்புவதில்லை. செய்தவர் இன்னாரென்று சுட்ட வேண்டாதபோது 'ஓன்' என்னும் சொல்லை எழுவாயாக்குவர். மனிதன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. 'ஓன் தி' என்பதைச் 'சொல்லப்படுகிறது' என்று பெயர்ப்பாரைவிட 'என்பர்' என்று பெயர்ப்பாரே மொழியறிந்தவர். மற்றொரு வழி, 'ஸ' சேர்த்துக் கூறல். 'ல புவாசோன் ஸ வான் பியேன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மீன் தன்னைத்தானே நன்றாக விற்றுக்கொள்கிறது! சந்தையில் 'மீன் நன்றாக விற்கிறது' என்னும் தமிழர் வழக்கும் இதற்கு அண்மையதே. செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறுதலைத் தொல்காப்பியர் வினையியலிலேயே தழுவிக்கொண்டார். தமிழாசிரியர்க்கு இவ்விடம் எளிதில் விளங்கும்.

இனி, செய்தவரை மறைக்கும் ஆற்றலும் செயப்பாட்டு வினைக்கு உண்டு. 1894-இல் டிரேஃபுஸ் என்னும் படைத்தலைவர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார் என்றால், தீர்த்தவர் யார், எந்தச் சான்றைக்கொண்டு என்னும் வினாக்கள் எழாமலே போகலாம். 1898 ஜனவரி 13-இல் 'லோரோர்' இதழில் எமிலி ஜோலா குடியரசுத் தலைவருக்கு எழுதிய திறந்த மடல் அம்மறைப்பைக் கிழித்தது. அதன் இறுதியில் 'நான் குற்றஞ்சாட்டுகிறேன்' என்னும் பொருள்தரும் 'ழாக்யூஸ்' மீண்டும் மீண்டும் வருகிறது. ஒவ்வொரு முறையும் குற்றஞ்சாட்டப்பெறுவோரை அவர் சுட்டிக் கூறுகிறார். எழுவாய் தாமே; வினை செய்வினை. 'குற்றஞ்சாட்டப்படுகிறது' என்று எழுதியிருந்தால் வழக்குக்கு ஆளாகாமல் தப்பியிருக்கலாம். அவரோ வழக்கை எதிர்பார்த்தே எழுதினார். தண்டனையும் பெற்று அவ்வாண்டு ஜூலையில் இங்கிலாந்து சென்றார்.

1906-இல் டிரேஃபுஸ் குற்றமற்றவரென அறிவிக்கப்பட்டார். இவ்வாக்கியத்துக்குச் செயப்பாட்டு வினையே தகும். முன்னே நிற்க வேண்டியவர் அவர். தீர்ப்பளித்த மன்றம் பின்னே நின்றால் போதும்.