பெரிய மின்தேக்கி போட்டால் உறுமல் போய்விடுமா?

வீட்டில் ஆம்ப்ளிஃபையர் கட்டிப் பார்க்கும் நம் மாணவர்களிடையே எல்.ஏ. 4440 என்னும் ஐ.சி.க்கு உள்ள செல்வாக்கு வேறு எதற்கும் இருக்குமா என்பது ஐயமே. ஜப்பானின் சான்யோ நிறுவனம் உருவாக்கிய சில்லு இது. அந்நிறுவனத்தின் அரைக்கடத்திப் பிரிவு 2011-இல் கைமாறிவிட்டது. ஆயினும் இந்த எண் பொறித்த சில்லுகளும், அவற்றைப் பொருத்திய அச்சுப்பலகைகளும் சென்னை ரிச்சி தெருவில் இன்றும் விலை போகின்றன. அவற்றோடு கைக்குக் கை மாறி வரும் மின்சுற்றுப் படத்தைத்தான் இங்கே ஆராய எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வழிகளில் தலா 6 வாட், இரண்டையும் பாலமாக இணைத்தால் 19 வாட் வரை கிடைக்கும். வெளியுறுப்புகள் சில மின்தேக்கிகளும் ஓரிரு மின்தடைகளும்தாம். மிகையான வெப்பம், குறுக்கிணைப்பு ஆகியவற்றிலிருந்து காக்கும் அமைப்பு உள்ளேயே உண்டு. முதன்முதலாகப் பற்றவைக்கும் கருவியைக் கையில் எடுப்பவருக்கு இதைவிட இணக்கமான சில்லு அரிது.

குறை சில்லில் இல்லை, படத்தில் இருக்கிறது. அந்தப் படத்தை அப்படியே நம்பிக் கட்டியவர்களில் பலர் பாட்டுக்கு முன் கேட்பது ‘ம்ம்ம்’ என்ற உறுமலைத்தான். உடனே நாலு பேர் சொல்லும் வைத்தியம் ஒன்றே: “2200 மைக்ரோ ஃபாரட்டை எடுத்துவிட்டு 4700 போடு, போதாவிட்டால் 10000 போடு.” கீழ்பென்னாத்தூர் போன்ற ஊரில் இருக்கும் மாணவர் இதைக் கேட்டுத் திருவண்ணாமலைக்கோ விழுப்புரத்துக்கோ பேருந்து ஏறுகிறார். காசு போகிறது, உறுமல் போவதில்லை. ஏன்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 அலைகள் கொண்டது. நான்கு டயோடுகளால் திருத்தியபின் மின்தேக்கி நொடிக்கு 100 முறை மின்னேற்றம் பெறுகிறது. இடைப்பட்ட நேரத்தில் அது சற்றே வடிகிறது. இந்த ஏற்ற இறக்கத்தையே குற்றலை என்கிறோம். பாட்டு எதுவும் இல்லாதபோதும் இந்தச் சில்லு ஏறத்தாழ 100 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். 2200 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியில் அதனால் எழும் குற்றலை சுமார் 0.45 வோல்ட். சில்லோ குற்றலையை 46 டெசிபெல், அதாவது ஏறக்குறைய 200 மடங்கு குறைத்துவிடும் திறன் உடையது. ஆகவே ஸ்பீக்கருக்குப் போய்ச் சேருவது 2 மில்லி வோல்ட்டுக்குச் சற்று மேல். அறையை நிறைக்கும் உறுமலுக்கு இது போதாது.

அப்படியானால் உறுமல் எங்கிருந்து வருகிறது? படத்தில் பத்து இடங்களில் போட்டிருக்கும் தரைக்குறியைப் பாருங்கள். மூன்று சிறு கோடுகள். குறி ஒன்றாக இருப்பதால் அந்த இடங்கள் எல்லாவற்றிலும் மின்னழுத்தம் ஒன்றே என்று படம் சொல்லாமல் சொல்கிறது. தாளில் அது உண்மை. செப்புக் கம்பியில் அது பொய். கம்பிக்கும் மின்தடை உண்டு. 0.2 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள மெல்லிய கம்பி 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 9 மில்லி ஓம் தடை தரும். மின்தேக்கிக்குள் மின்னோட்டம் சீராக நுழைவதில்லை. ஒவ்வோர் அலையின் உச்சியிலும் துடிப்பாகப் பாய்கிறது. சராசரி 100 மில்லி ஆம்பியர் என்றால் துடிப்பின் உச்சம் அரை ஆம்பியர் அளவை எட்டக்கூடும். அப்போது அந்தக் கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே 4.5 மில்லி வோல்ட் தோன்றும்.

“இத்தனூண்டுதானே?” என்று தோன்றலாம். டயோடுகளின் எதிர்முனைப் பக்கத்தில் உள்ளீட்டின் தரையையும், மின்தேக்கியின் பக்கத்தில் சில்லின் தரையையும் இணைத்துவிட்டால், இடையில் உள்ள அந்த 4.5 மில்லி வோல்ட் பாட்டோடு சேர்ந்து உள்ளே நுழைகிறது. இந்தச் சில்லின் பெருக்கம் 51.5 டெசிபெல், சுமார் 375 மடங்கு. ஸ்பீக்கரில் ஏறத்தாழ 1.7 வோல்ட் உறுமல்! முழு ஒலிக்கு இதற்குத் தேவைப்படும் உள்ளீடே 13 மில்லி வோல்ட்தான். குற்றலை செய்யும் கேட்டைவிட ஒரு துண்டுக் கம்பி செய்யும் கேடு எழுநூறு மடங்குக்கு மேல். மின்தேக்கியைப் பெரிதாக்கினால் துடிப்பு குறைவதில்லை; இன்னும் கூர்மையாகவே செய்யும்.

சில்லை வடிவமைத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். நுண்ணிய சைகைக்கு ஒரு தரை முனையையும், ஆற்றல் மிகுந்த வெளியீட்டுப் பகுதிகளுக்கு வேறு தரை முனைகளையும் அவர்கள் தனித்தனியே வைத்திருக்கிறார்கள். படியெடுத்தவர்கள் மூன்றையும் ஒரே கோட்டில் சேர்த்துவிட்டார்கள். மேலும் இது காருக்கென்று பிறந்த சில்லு. மின்கலத்தில் இத்தகைய துடிப்பு இல்லை. வீட்டு மின்மாற்றியை இணைக்கும் இடத்தில்தான் விளக்கம் தேவை. படம் அந்த இடத்தில்தான் வாய் மூடிக்கொள்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். டயோடுகளிலிருந்து இரு கம்பிகள் நேரே மின்தேக்கிக்கு மட்டும் வரட்டும். அதன் எதிர்முனையிலிருந்து சில்லின் வெளியீட்டுத் தரைக்கு ஒன்று, ஸ்பீக்கர் திரும்பும் வழிக்கு ஒன்று, சைகைத் தரைக்கு ஒன்று எனத் தனித்தனிக் கம்பிகள் செல்லட்டும். உள்ளீட்டு உறை, ஒலியளவுத் திருகு ஆகியவற்றின் தரை சைகைத் தரையோடு மட்டும் சேரட்டும்.

அலைநோக்கி இல்லாதவர் காதையே கருவியாகக் கொள்ளலாம். ஒலியளவைக் குறைத்தால் உறுமலும் குறைகிறதா? அது திருகுக்கு முன்பே நுழைகிறது. உள்ளீட்டை அதன் தரையோடு குறுக்கிணைத்ததும் அடங்குகிறதா? குற்றம் வெளிக் கம்பியிலோ இணைத்த கருவியிலோ இருக்கிறது. மின்மாற்றியைத் திருப்பி வைத்தால் மாறுகிறதா? அதன் காந்தப்புலமே காரணம். எதற்கும் அசையாவிட்டால் தரை இணைப்பையும் டயோடுகளையும் சோதியுங்கள்.

ஒரு வைத்தியத்தை மட்டும் கடுமையாகக் கண்டிக்க வேண்டும். மூன்று முனை பிளக்கில் பருத்த எர்த் முனையைத் துண்டித்தால் உறுமல் நிற்கும் என்பார்கள். இரண்டு கருவிகள் எர்த் வழியே வளையமாக இணைந்திருந்தால் அது நிற்கவும் கூடும். ஆனால் மின்மாற்றியின் காப்பு என்றேனும் பழுதானால் இரும்புப் பெட்டி முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். தொட்டவர் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. எர்த் முனை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். வளையத்தைச் சைகைக் கம்பியின் பக்கத்தில்தான் அறுக்க வேண்டும்.

அச்சுப்பலகை விற்பவர்களுக்கும் படம் வெளியிடுபவர்களுக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. மின்சுற்றுப் படத்தின் பக்கத்திலேயே எந்தக் கம்பி எந்த முனையிலிருந்து புறப்பட வேண்டும் என்ற கம்பியிணைப்புப் படத்தையும் அச்சிடுங்கள். அரைப் பக்கம் போதும். கிராமத்து மாணவர் ஒருவரின் பேருந்துக் கட்டணமும், “நமக்கு இது வராது” என்று அவர் மூலையில் தூக்கிவைத்துவிடும் ஆர்வமும் அந்த அரைப் பக்கத்தில் மிச்சமாகும்.